சனிக்கிழமை ஆற்றங்கரைக்கு வராதே

கண்ணு,

சனிக்கிழமை நீ வட்டவடையில் ஜீப் ஏற வேண்டாம். ஆற்றங்கரைக்கு வர வேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். உன் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நானே நிறுத்திவிட்டேன். போனில் உன்னிடம் எதை ஆரம்பித்தாலும் "சாப்டியா, சரி வெச்சர்றேன்" என்பதில்தான் நான் போய் முடிகிறேன். அதனால் எழுதுகிறேன். ஒரு படி உனக்கு. இன்னொரு படி நம் ஆசிரியர் சங்கத்தின் மாத இதழுக்கு. உன் பெயரை எங்கும் எழுதவில்லை. ஆனால் உன் கழுத்தில் மூன்று முடிச்சு விழுகிற வீடியோ இரண்டு மாவட்டத்து வாத்தியார்கள் கையிலும் இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், பார்த்துப் பதறியவர்கள் எல்லோரும் இதையும் படிக்கட்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் என்று உறைக்குள் மூடி ஒட்டவில்லை.

நடந்ததை உனக்கே நான் எடுத்துச் சொல்வது வேடிக்கைதான். நீயும் அங்கே இருந்தாய். ஆனால் நீ முதல் வரிசையில் இருந்தாய், நான் கடைசி வரிசையில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் வேறு மாதிரித் தெரியும். கேரளத்தில் தமிழ் வழி ஆசிரியர்கள் நான் இருக்கும் பாலக்காட்டில் கொஞ்சம், நீ இருக்கும் இடுக்கியில் கொஞ்சம் என்று நாம் கொஞ்சப் பேர்தானே. தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என்று பார்க்காமல் எல்லோரையும் மூணாறில் ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். பாடத்தைக் கலையோடு சேர்த்து நடத்துவது எப்படி என்று பயிற்சி. கணக்கைத் தாளம் போட்டுச் சொல்லிக்கொடு, தண்ணீர் மழையாகிற கதையை நடித்துக் காட்டு என்கிற வகை. உனக்கு அது கரும்பு, எனக்கு வேப்பங்காய். பயிற்சி கொடுப்பவர்களின் வரிசையில் நிற்க வேண்டியவன் நான். அதற்கான படிப்பும் எனக்கு உண்டு, விண்ணப்பமும் போட்டேன். என்னைவிடப் பின்னால் வேலைக்கு வந்தவர் எனக்கே தலைமை ஆசிரியராக இருக்கிறார், அவர் கையெழுத்துப் போட்டு என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார். ஒரு முக்கோணத்தை ஆடிக் காட்டித்தான் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் இத்தனை வருடம் கரும்பலகையில் என்னத்தைக் கிழித்தேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அவர் அப்போது நதியாக இருந்தார்.

பயிற்சி டீச்சர் மலையாளி. உற்சாகமான பெண், குறை சொல்வதற்கில்லை. அவரிடம் ஒரு முறை இருந்தது, உனக்குத் தெரியும். நடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று கைதட்டுவார். எல்லோரும் இருந்த இடத்தில் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். யாருடைய தோளைத் தொடுகிறாரோ அவர், தான் ஏற்ற வேடத்தின் மனதில் அந்த நேரத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. என்னைப் பார்த்து, "சார் ஒரு தெங்கு ஆயிட்டு நிக்கணும். காத்து வருது, ஆடணும்" என்றார். நான் தென்னை மரமாக நின்றேன், கண்ணு. எம்.எஸ்சி., எம்.எட். படித்தவன், என் மகளுக்கு முன்னால், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு. கைதட்டினார். நேராக வந்து என் தோளைத்தான் தொட்டார். "தெங்கு இப்போ எந்தா விசாரிக்கறது, சார்?" தென்னை இப்போது என்ன நினைக்கிறது என்று கேட்கிறார். "தென்னைக்குத் தல வலிக்குது. டீ குடிக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். டீக்கடை வரைக்கும் அந்தச் சிரிப்பு என் முதுகில் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஒரு டீக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் உங்கள் குழுவுக்குக் குடும்பமும் உறவும் என்கிற பாடம் கிடைத்திருக்கிறது. உங்கள் ஊர்க் கல்யாணத்தை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள், அதில் பாட்டு, கும்மி, கோலம் எல்லாம் இருக்கிறதே என்று அந்த டீச்சர் சொல்லியிருக்கிறார். பொருள் நிஜமாக இருந்தால் பிள்ளைகளின் கண் நிஜமாகப் பார்க்கும் என்றும் சொல்லியிருக்கிறார். யாரோ கடைத்தெருவுக்கு ஓடிப் போய் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்திருக்கிறார்கள். அவருக்கு அது ஒரு கயிறு. நமக்கு என்ன என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு இன்றைக்கும் ஆறாத திகைப்பு, கூடம் நிறைய இருந்த தமிழர்களில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை என்பதுதான். ஒருவர் தாய்மாமனாக இருந்தார், ஒருவர் நாத்தனாராக இருந்தார், ஒருவர் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தார். வாத்தியாராக அங்கே யாருமே இருக்கவில்லை.

நான் திரும்பி வரும்போது வராந்தாவிலேயே மங்கலப் பாட்டுக் கேட்டது. நம் பக்கத்துக் கல்யாணங்களில் நாவிதர் நின்று பாடுவாரே, அதே பாட்டு, அதே இழுப்பு. என் கை தானாகத் தோளில் துண்டைத் தேடியது. சொன்னால் நீ நம்ப மாட்டாய், முதலில் எனக்கு வந்தது கோபம். என்னை அழைக்காமல் யாரோ கல்யாணம் நடத்துகிறார்கள் என்று. கதவுக்குள் தலையை நீட்டினால், பெண்ணாக உட்கார்ந்திருப்பது நீ. சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டப் பள்ளியில் வேலை பார்க்கும் செல்வம் கயிற்றைப் பிடித்திருக்கிறான். நாத்தனாராக நின்ற டீச்சர் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பெண் ஆசிரியர்கள் குலவையிட்டார்கள். இரண்டு பேர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். நான் கத்த வாயெடுப்பதற்குள் நீ எழுந்து, கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, கத்திரிக்கோலும் பசையும் கிடந்த உன் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "அடுத்து எந்தக் குரூப்?" என்று கேட்டாய். கட்டியதைவிட நீ கழற்றிய விதம்தான் என்னை அதிகமாக உலுக்கியது.

வீடியோவில் அந்தப் பெட்டி இல்லை. கும்மி இல்லை, டீச்சர் இல்லை. மூன்று முடிச்சு மட்டும் இருந்தது. நாம் ஊர் வந்து சேர்வதற்குள் அது உன் அத்தையின் போனுக்குப் போய்விட்டது. தையில் அவள் வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியவள் நீ. மறுநாள் காலையில் வந்து நின்றாள். நீ அதற்குள் முதல் பஸ்ஸில் வட்டவடைக்குப் புறப்பட்டுவிட்டாய், அதனால் அவள் பேசியது உனக்குத் தெரியாது. என் வாயால் பாதிதான் கேட்டாய். முழுவதையும் இப்போது சொல்கிறேன்.

"ஏனுங்ணா, படிச்ச புள்ளைக்கு இது தெரியாதா? கழுத்துல மஞ்சக்கவுறு ஏறிப்போச்சு. வெளையாட்டுன்னு நீங்க சொல்லிக்கோங்க. ஊரு சொல்லுமா? எங்க ஊட்டுக்காரங்க சொல்லுவாங்களா?" என்றாள். அது ஒரு பாடம் நடத்துகிற முறை என்று நான் சொன்னேன். நான், கண்ணு! தென்னையாக நிற்க மாட்டேன் என்று எழுந்து போனவன், அந்த முறைக்கு வக்காலத்து வாங்கினேன். அவள் கேட்கவில்லை. "சனிக்கெழம ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டு வாங்க. அதே கவுத்த மறுக்காக் கழுத்துல போட்டு, அங்க வெச்சு அறுத்து, தண்ணியில உட்டுப்போட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டு வரட்டும். பொறவு எம்பையன் கட்டறான். வேற கவுறு கொண்டாந்து ஏமாத்தாதீங்க, நான் பாத்தாத் தெரிஞ்சிக்குவேன்."

ஆற்றங்கரையில் கயிறு அறுப்பது எதற்கு, யாருக்கு என்று உனக்குத் தெரியும். உன் அம்மா அடுப்படியிலிருந்து அப்படியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது. "யாரு செத்துட்டாங்கன்னு எம்புள்ளைக்கு அறுக்கறீங்க?" என்று கேட்டாள். ஒரே கேள்வி. வேறு எதுவும் பேசவில்லை. நான் அவளைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றேன். அவள் போய்விட்டாள். அந்தக் கேள்வி போகவில்லை. சாயங்காலம் அத்தை மகன் பிரபு போனில் கூப்பிட்டான். "அம்மா சொல்றபடி ஒருக்காச் செஞ்சுட்டா ஆச்சுங்க மாமா, எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்றான். செல்வமும் கூப்பிட்டான், பாவம். "சார், அவுக சொன்னாக, நான் கட்டுனேன். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைக இருக்கு சார். எங்க வீட்ல அந்த வீடியோவப் பாத்துப்புட்டு இன்னும் எனக்குச் சோறு போடல" என்றான். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உனக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வந்துவிடு என்றேன். நீ "உங்களுக்காக வர்றனுங்கப்பா" என்றாய். அந்த "உங்களுக்காக" என்ற வார்த்தையை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

கயிற்றை முன்கூட்டியே கண்ணால் பார்க்க வேண்டும் என்று உன் அத்தை சொன்னதால்தான் நான் புறப்பட்டு வந்தேன். உடுமலை பஸ், மறையூர், மூணாறு, அங்கிருந்து ஜீப். ஜீப்பில் முட்டைக்கோஸ் மூட்டைமேல் காலை வைத்துக்கொண்டு, உனக்குச் சொல்லப்போகும் புத்திமதிகளை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பெரியவர்களை அனுசரித்துப் போ. சபையில் எதைச் செய்கிறோம் என்று பார்த்துச் செய். ஒரு அப்பன் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைகள்தான். உன் வகுப்பு வாசலில் வந்து நின்றதும் அவை எல்லாம் மறந்துபோயின. மறுபடியும் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை ஒரு கேரட். மண் போகக் கழுவி, மேல் தழையைத் தலைப்பாகையாகச் சுற்றியிருந்தார்கள். பெண் ஒரு மலைப்பூண்டு. காய்ந்த பூண்டுத்தாளைச் சடையாகப் பின்னி, தும்பைப் பூ வைத்திருந்தார்கள். அதன் கழுத்தில் அதே கயிறு. பிள்ளைகள் சுற்றி நின்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். "நான் பொண்ணுக்குத் தாய்மாமன், எனக்கு மாலை போடல!" "டேய், நீ சித்தப்பாடா, தள்ளி நில்லு!" யார் யாருக்கு என்ன முறை, யார் எங்கே நிற்க வேண்டும், யாருக்கு முதலில் சந்தனம் என்று ஒரு பிள்ளைகூடத் தப்புச் செய்யவில்லை. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நான் நடத்தியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு அம்மாவாக நின்ற அந்த ரெட்டைச் சடைப் பெண், தர்ஷினி என்று கூப்பிட்டாயே, அவள்தான் என்னைப் பார்த்தாள். "டீச்சர், பொண்ணுக்கு அப்பா இல்ல. இவரு இருக்கட்டும்" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லி டீ குடிக்கப் போவேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அங்கே டீக்கடையும் பக்கத்தில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றேன். தர்ஷினி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மொகத்தக் கொஞ்சம் சிரிச்சாப்ல வைங்க சார். பொண்ணு வீட்டுக்காரரு இப்புடியா நிப்பாரு?" என்று அதட்டினாள். வைத்தேன். பூண்டை என் கையில் கொடுத்தார்கள். அதற்கு ஒரு கனமும் இல்லை.

அப்போது நீ கைதட்டினாய். எல்லாம் நின்றது. யாரையாவது தொடு என்று அவளிடம் சொன்னாய். அவள் எட்டி என் தோளைத் தொட்டு, "பொண்ணோட அப்பா, ஒங்க மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டாள். அன்றைக்கு மூணாறில் சொன்னதுபோல ஒரு கிண்டலைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். "எந்தங்கச்சி என் வாசல்ல வந்து நின்னு கேக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். வந்து நின்னா. அந்தச் சந்தோசத்துல சரின்னுட்டேன். புள்ளைகிட்டக் கேக்கலை" என்று என் வாய் சொன்னது. என் காதால் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரியும், கண்ணு.

உண்மை அதுதான். தோப்பைப் பிரித்தபோது கிணறு அவள் பக்கம் போனதை நான் மறக்கவில்லை. என் கல்யாணத்தில் தங்கைக்குச் செய்யும் இணைச்சீர் மரியாதைக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, முகூர்த்தத்தையே தாமதப்படுத்தியதை நான் மறக்கவில்லை. பேச்சு வார்த்தை இல்லாமல் வருடங்கள் ஓடின. கடைசியில் பழத்தட்டோடு நம் வாசல் ஏறி, "அண்ணா, புள்ளையக் குடுங்க" என்று அவள் கேட்டபோது, நான் ஜெயித்துவிட்டேன் என்று மட்டும்தான் நினைத்தேன். நீ உள்ளே பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாய். அம்மா காபி கொண்டுவந்தபோது தேதி வரைக்கும் பேசி முடித்திருந்தேன். நீ மறுப்புச் சொல்லவில்லை என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டிருந்தால்தானே நீ மறுப்பதற்கு?

வகுப்பு அப்படியே நின்றிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவளுக்கு நான் பூண்டின் அப்பா. "அப்ப இப்பக் கேளுங்க சார்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. என் கையிலிருந்த பூண்டைப் பார்த்தேன். கேட்க வாய் வரவில்லை. ஒரு பூண்டிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ கொஞ்ச நேரம் காத்திருந்தாய். பிறகு கைதட்டினாய், தாய்மாமன் சண்டை திரும்பவும் தொடங்கியது. உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. பள்ளி விட்ட பிறகு பூண்டின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப் பையில் நீயே வைத்தாய். "சனிக்கிழம மொத ஜீப்புல வந்தர்றனுங்கப்பா" என்றாய். அனுசரித்துப் போ என்று நான் நடத்திய பாடத்தை இத்தனை நன்றாக எந்தப் பிள்ளையும் படித்ததில்லை, அதுதான் என்னை உடைத்தது.

நேற்று உன் அத்தை வந்தாள். கயிற்றைக் கொடு என்று கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. "ஏம்மணி, எங்க ஊட்ல யாரும் சாகல" என்றேன். உன் அம்மாவின் கேள்விக்குப் பதில் அது, ஆனால் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொன்னேன். "அப்பக் கண்ணாலம்?" என்றாள். "அது எனக்குத் தெரியாது. கேக்க வேண்டியவகிட்ட நான் இன்னும் கேக்கலை" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தல கெட்டுப்போச்சுங்ணா உங்களுக்கு. அந்த ட்ரெயினிங்குல என்னமோ பண்ணி உட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் மேல் எனக்குள்ள கோபம் ஒன்றும் குறையவில்லை, கிணறும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என்னமோ பண்ணித்தான் விட்டுவிட்டார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். கேட்காமல் அவள் காபி வைத்து நாளாகிவிட்டது.

சம்பந்தத்தை நான் முறிக்கவில்லை. அதையும் உன்னைக் கேட்காமல் செய்துவிடக் கூடாதே. ஆற்றங்கரை இல்லை என்று மட்டும்தான் சொன்னேன். பிரபு தன் அம்மாவை விட்டுவிட்டுத் தனியாக அந்த மலையேறி வந்து உன்னிடம் பேசினால், பேசு. வராவிட்டாலும் உனக்கு அது ஒரு பதில். ஊர் என்ன சொல்லும் என்று என்னிடம் கேட்காதே. நான் அந்தக் கூடத்தில் தென்னையாக நின்றவன், எனக்கு இனி அதற்கு மேல் என்ன வந்துவிடப் போகிறது?

காகிதத்தில் மடித்த அந்தக் கயிற்றை இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியிலேயே போட்டு வை, அடுத்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் நடத்த வேண்டுமே. தர்ஷினியிடம் சொல், பூண்டின் அப்பா அன்றைக்குக் கேட்காமல் போனதற்கு வருத்தப்படுகிறார் என்று. அவர் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறார் என்றும் சொல்.

கண்ணு, பிரபுவைக் கட்டிக்கொள்ள உனக்கு இஷ்டமா?

அப்பா